சராயேவோவில் மனித உரிமைக் கல்வி

மனித உரிமை பற்றிய படிப்பு நமது நாட்டில் பெரும்பாலும் சட்டக் கல்லூரிகளையும் அரசியல் விஞ்ஞானத் துறைகளையும் சார்ந்தே வளர்ந்துள்ளது. 1948-ஆம் ஆண்டின் உலகப் பிரகடனம், 1966-ஆம் ஆண்டின் இரு சர்வதேச உடன்படிக்கைகள், நமது அரசியற் சட்டத்தின் மூன்றாம் பகுதி, 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை மாணவர்கள் கற்கின்றனர். இவை அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், உரிமைகள் அனைத்தும் ஒருசேரச் சிதைந்துபோன ஒரு நாட்டில் அவற்றை மீண்டும் நிலைநாட்டும் வேலையை யார் செய்தனர், எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தைக் கொண்டு செய்தனர் என்பதை நூல்கள் மட்டும் கற்பித்துவிட இயலாது. இக்காரணம் பற்றியே, போர் நடந்து ஓய்ந்த இடங்களில் இப்பாடத்தைக் கற்பிக்கும் முறை கடந்த முப்பதாண்டுகளில் வளர்ந்துள்ளது.

வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக் கழகம் இத்தகைய ஆய்வை 1993-லேயே தொடங்கிவிட்டது. பாஸ்னியா–ஹெர்ஸிகோவினாவின் தலைநகரான சராயேவோவில் அந்நகரப் பல்கலைக் கழகமும் இத்தாலியின் பொலோனா பல்கலைக் கழகமும் இணைந்து, ஜனநாயகம், மனித உரிமைகள் ஆகியவற்றில் ஓராண்டு முதுகலைப் பட்டப் படிப்பை நடத்திவருகின்றன. பாடமொழி ஆங்கிலம். மாணவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். வெனிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமைக் கல்விக் கூட்டமைப்பின் ஓர் உறுப்பு இது. அதன் ஆசியக் கிளை பாங்காக்கிலுள்ள மஹிடோல் பல்கலைக் கழகத்தை ஒட்டியும், ஆப்பிரிக்கக் கிளை பிரிட்டோரியாவிலும் இயங்குகின்றன.

சராயேவோவை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் பழக்கமான ஒரு பொருள்—கோப்பு—சமாதானத்தை உருவாக்குவதில் எத்துணைப் பங்கு வகித்தது என்பதை அந்நாட்டைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று எளிதில் கிட்டாது.

போரும் ஒப்பந்தமும்

1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பாஸ்னியாவில் சுமார் 43.7 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் 43 சதவிகிதத்தினர் முஸ்லிம்கள் (இன்று போஸ்னியாக்குகள் எனப்படுவோர்). 31 சதவிகிதத்தினர் மரபுவழிக் கிறிஸ்தவரான செர்பியர். 17 சதவிகிதத்தினர் கத்தோலிக்கரான குரோஷியர். மூவரும் பேசுவது ஏறத்தாழ ஒரே மொழி. யூகோஸ்லாவியக் கூட்டரசு சிதறியபோது, 1992 ஏப்ரலில் போர் மூண்டது. சராயேவோ நகரம் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. 1984-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஸெத்ரா அரங்கை அடுத்த திடல், முற்றுகையின்போது மயானமாக மாறிற்று. ஐக்கிய நாடுகள் சபை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கு அனுப்பிய பாதுகாப்புப் படையின் முதல் தளபதி, நமது லெப்டினென்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார் ஆவார். அப்படையின் தலைமையகம் தொடக்கத்தில் சராயேவோவிலேயே இருந்தது.

போரில் மடிந்தோர் இரண்டு லட்சம் பேர் எனப் பல ஆண்டுகள் வழங்கிவந்தது. சராயேவோவிலிருந்த ஓர் ஆவண நிலையம் ஒவ்வொருவரையும் பெயர், ஊர், இறந்த நாள் ஆகியவற்றுடன் பதிவு செய்தபின் அத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு எனத் தெரியவந்தது. தொகை குறைந்ததைச் சிலர் விரும்பவில்லை. ஆயினும், பெயர் பெயராக எண்ணிய கணக்கை மறுப்பது எளிதன்று. ஊகத்தை மறுப்பது எளிது. 22 லட்சம் மக்கள், அதாவது நாட்டில் பாதிப் பேர், வீடிழந்து வெளியேறினர்.

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உருவாகி, டிசம்பர் 14-ஆம் நாள் பாரிஸில் கையொப்பமான ஒப்பந்தம் போரை நிறுத்தியது. அதன் இணைப்புகளே மாணவர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. நான்காம் இணைப்பு அந்நாட்டின் அரசியற் சட்டம். ஏழாம் இணைப்பு, வெளியேறிய ஒவ்வொருவருக்கும் தம் சொந்த வீட்டுக்கே திரும்பும் உரிமையையும் சொத்தை மீளப் பெறும் உரிமையையும் வழங்கியது. பத்தாம் இணைப்பு, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதை மேற்பார்வையிட ‘உயர் பிரதிநிதி’ என்னும் சர்வதேசப் பதவியை ஏற்படுத்தியது. நாடு ஒன்றே எனினும் அதனுள் இரு ஆட்சிப் பகுதிகள் அமைந்தன: போஸ்னியாக்குகளும் குரோஷியரும் பெரும்பான்மையாகவுள்ள கூட்டாட்சிப் பகுதி 51 சதவிகித நிலப்பரப்பையும், செர்பியக் குடியரசு 49 சதவிகிதத்தையும் பெற்றன.

எழுத்துக்கள் ஏழு

துப்பாக்கிச் சத்தம் நின்ற பின்னரும் மக்கள் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அஞ்சினர். காரின் எண் பலகையைக் கண்ட மாத்திரத்தில் அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது, உள்ளே இருப்பவர் எந்த இனத்தவராக இருக்கக் கூடும் என்பது வழியிலிருந்த எவருக்கும் தெரிந்துவிடும். நடமாடும் சுதந்திரம் அரசியற் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. சாலையில் அது இல்லை.

1998-இல் உயர் பிரதிநிதியின் உத்தரவால் நாடு முழுவதற்கும் பொதுவான எண் பலகை வந்தது. ஊரையோ பகுதியையோ காட்டும் குறி எதுவும் அதில் இல்லை. செர்பியர் சிரிலிக் எழுத்தையும் ஏனையோர் லத்தீன் எழுத்தையும் விரும்புவர் ஆதலின், இரண்டு வரிவடிவங்களிலும் ஒரே தோற்றமுடைய எழுத்துக்கள் மட்டும்—ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி என்னும் ஏழு—தெரிந்தெடுக்கப்பட்டன. பகுதிகளுக்கிடையிலான போக்குவரத்து விரைந்து பெருகிற்று. போக்குவரத்து அலுவலகத்தின் சிறிய விதியொன்று அடிப்படை உரிமையொன்றைச் செயல்படுத்தியது. மனித உரிமைப் பாட நூல்களில் இதற்கு ஓர் அடிக்குறிப்பே கிடைக்கிறது. ஓர் அத்தியாயம் தரலாம் என்பது என் கருத்து.

வீடும் அதன் உடைமையாளரும்

பாஸ்னியாவின் அனுபவத்தில் ஆழ்ந்து கற்கத்தக்கது வீடுகளை மீட்டுக் கொடுத்த பணியே. யூகோஸ்லாவிய நகரங்களில் அடுக்கு வீடுகள் பெரும்பாலும் ‘சமூக உடைமை’. தொழிற்சாலையோ அலுவலகமோ தன் ஊழியருக்கு வீட்டை ஒதுக்கும். அவருக்கு உடைமை இல்லையெனினும் நிலையான குடியிருப்புரிமை உண்டு. குடும்பத்தாரும் அவ்வுரிமையைத் தொடரலாம். போரின்போது எல்லாத் தரப்பினரும் ‘கைவிடப்பட்ட சொத்து’ பற்றிச் சட்டங்கள் இயற்றி, வெளியேறியோரின் வீடுகளைத் தம்மவருக்கு ஒதுக்கினர். கூட்டாட்சிப் பகுதியில் போர்நிலை முடிவுற்றபோது, உரிமையாளர் உள்நாட்டிலிருந்தால் 7 நாட்களிலும், வெளிநாட்டில் அகதியாயிருந்தால் 15 நாட்களிலும் திரும்பி வந்து குடியேற வேண்டும், இல்லையேல் உரிமை அற்றுப்போகும் என விதி செய்யப்பட்டது. ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தவர் 15 நாட்களில் எவ்வாறு வருவார்? அதுவே அவ்விதியின் நோக்கம். துப்பாக்கி தொடங்கிய வேலையைக் காலக்கெடு முடித்தது.

ஏழாம் இணைப்பு இந்நிலையை மாற்றியிருக்க வேண்டும். முதல் மூன்றாண்டுகள் ஏதும் நிகழவில்லை. 1998-இல் வெளிநாடுகளின் நெருக்குதலால் இரு பகுதிகளும் புதிய சட்டங்களை இயற்றின. நகராட்சி அலுவலகங்கள் அவற்றைக் கிடப்பில் போட்டன. 1999 அக்டோபரில் உயர் பிரதிநிதி இரு பகுதிகளின் சட்டங்களையும் ஒரே தன்மையினவாகத் திருத்தினார். அடுத்த மாதமே தடையாயிருந்த அலுவலர் பலரைப் பதவி நீக்கினார். பின்னர் சர்வதேச அமைப்புகள் ஒன்றிணைந்து ஒரு பொதுத் திட்டம் வகுத்தன.

அத்திட்டத்தின் உள்ளமைப்பு நமது அலுவலர்களுக்குப் புதியதாய்த் தோன்றாது. மனுக்களை வந்த வரிசைப்படியே முடிவு செய்ய வேண்டும். செல்வாக்குள்ளவருக்கு முன்னுரிமை கூடாது. மனு செய்தவர் தம் வீட்டில் உண்மையாகவே வந்து வாழ்வாரா என்று கேட்கக் கூடாது. உரிமை உள்ளதா என்பது மட்டுமே கேள்வி. சொந்த வீடு இருந்தும் பிறர் வீட்டில் குடியிருப்போரை முதலில் வெளியேற்ற வேண்டும். அவர்களுள் காவல் துறையினரும் நகராட்சி உறுப்பினரும் இருந்தனர். நகராட்சிவாரியாக எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை முடிந்தன என்ற புள்ளி விவரம் தவறாது வெளியிடப்பட்டது. பின்தங்கிய நகராட்சி எது என்பதை நாடே அறிந்தது. மொத்தம் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்களில், 2005-ஐ ஒட்டி 90 சதவிகிதத்துக்கும் அதிகமானவை தீர்க்கப்பட்டுவிட்டன. இன அடிப்படையில் மக்கள் விரட்டப்பட்ட போர் ஒன்றுக்குப் பின், இத்துணைப் பெரிய அளவில் அதே வீடு அதே உரியவருக்குத் திரும்பக் கிடைத்தது வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

இதன் மறுபக்கத்தையும் மாணவர் காணவேண்டும். 2004 செப்டம்பர் அளவில் பத்து லட்சம் பேர் திரும்பிவிட்டதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் அறிவித்தது. ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் இனத்தவர் பெரும்பான்மையாகவுள்ள இடங்களுக்கே திரும்பினர். சிறுபான்மையாக வாழவேண்டிய ஊரில் வீட்டைத் திரும்பப் பெற்ற பலர், அதை விற்றுவிட்டுத் தம் இனத்தவரிடையே வேறு வீடு வாங்கினர். அங்கே வேலையில்லை, குழந்தைகளுக்கு ஏற்ற பள்ளியில்லை, பக்கத்து வீட்டில் இருப்பவர் போரின்போது என்ன செய்தார் என்பது தெரியும். ஆதலால் திட்டம் தோற்றது என்போர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. விரட்டப்பட்டவர் கையில் விற்பதற்கு ஒரு வீடாவது இருந்தது. புதிய வாழ்வுக்கு முதல் இருந்தது. அந்த முடிவையும் அவரே எடுத்தார்.

நமது அனுபவத்துடன் ஓர் ஒப்பீடு

இந்திய மாணவர் இவ்விடத்தில் வெறும் பார்வையாளர் அல்லர். 1947-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை கடந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் நிலங்களையும் என்ன செய்வது என்ற கேள்வியை இந்தியாவும் பாகிஸ்தானும் எதிர்கொண்டன. 1950-ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டம் அவற்றைக் ‘கஸ்டோடியன்’ என்னும் பாதுகாவலரிடம் ஒப்படைத்தது. 1954-ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் நஷ்டஈடு, புனர்வாழ்வுச் சட்டம் அச்சொத்துக்களை வந்து சேர்ந்த அகதிகளுக்கு ஈடாக வழங்க வழிசெய்தது. பழைய உடைமையாளர் திரும்பமாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டு அமைந்த ஏற்பாடு அது.

ஆனால் கிழக்கில் நாம் வேறொரு வழியையும் முயன்றோம் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1950 ஏப்ரல் 8-ஆம் நாள் கையொப்பமான நேரு–லியாகத் அலி ஒப்பந்தம், அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் திரும்பிவரும் வங்காள அகதிக்கு அவருடைய வீட்டையும் நிலத்தையும் மீட்டுத்தர உறுதி கூறிற்று. டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பை, 45 ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் எழுதப்பட்ட இவ்வாசகத்துடன் அருகருகே வைத்துப் படிக்கலாம். பஞ்சாபில் ஒரு முறை, வங்காளத்தில் ஒரு முறை, பாஸ்னியாவில் ஒரு முறை: இம்மூன்றில் எது எவருக்கு நீதி செய்தது? முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிடத் தக்க பொருளை நம் மாணவர் தேடவேண்டியதில்லை. சராயேவோவில் பயிலும் அண்டை நாட்டு மாணவர்களுக்கு இவ்வொப்பீடு எளிதில் தோன்றாது, நம்மவருக்குத் தோன்றும்.

காணாமற்போனோர்

போரின் முடிவில் பாஸ்னியாவில் 30,000-க்கு மேற்பட்டோர் காணாமற்போயிருந்தனர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் கொல்லப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அக்கொலை இனப்படுகொலையே என்பதை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2007-இல் உறுதிசெய்தது. கொன்றவர்கள் தடயத்தை மறைக்கும் பொருட்டு, சில வாரங்களுக்குப் பின் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல மைல் இடைவெளியுள்ள இரண்டு, மூன்று குழிகளில் கிடைத்தன. உடை, பல், உறவினரின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணும் பழைய முறை இங்கே பயன்படவில்லை.

1996-இல் நிறுவப்பட்ட, காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம், உறவினரிடமிருந்து ரத்த மாதிரிகளைப் பெற்று, எலும்பின் டி.என்.ஏ.யுடன் ஒப்பிடும் முறையை 2001 முதல் பெருமளவில் கையாண்டது. காணாமற்போனோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இதுகாறும் கண்டறியப்பட்டுள்ளனர். ஸ்ரெப்ரெனிட்ஸாவில் மடிந்தவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் பெயர் பெற்றுள்ளனர். அடையாளம் காணப்பட்டோர் ஆண்டுதோறும் ஜூலை 11-ஆம் நாள் பொதோச்சாரி நினைவிடத்தில் அடக்கம் செய்யப்படுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு குடும்பம் எடுக்கவேண்டிய முடிவைக் கருதிப் பாருங்கள். மகனின் ஒரு தொடை எலும்பு மட்டும் கிடைத்துள்ளது எனத் தாய்க்குக் கூறப்படுகிறது. இப்பொழுதே அடக்கம் செய்வதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா? காத்திருக்கும்போதே பல தாய்மார் காலமாயினர். அடக்கம் செய்தபின் வேறு எலும்புகள் கிடைத்துக் கல்லறையை மீண்டும் திறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. உண்மையை அறியும் உரிமை எனச் சட்ட நூல் கூறுவது, நடைமுறையில் இந்தக் கேள்வியாகவே ஒருவரின் வாசலுக்கு வருகிறது.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்ற நீதிமன்றம் 1993 முதல் 2017 வரை 161 பேர் மீது குற்றம் சாட்டியது. அரசியல் தலைவர் கராட்ஜிச்சும் தளபதி மிளாடிச்சும் ஆயுள் தண்டனை பெற்றனர். அதன் விசாரணைப் பதிவுகள் ஆங்கிலத்தில் அனைவருக்கும் கிடைக்கின்றன. இதைப் பற்றி வேறு நூல்கள் விரிவாகக் கூறுதலின் இங்கு நீட்டவில்லை.

தீராத முரண்கள்

போரை நிறுத்திய அரசியற் சட்டமே பாகுபாட்டையும் எழுதிவைத்தது. நாட்டின் தலைமைப் பதவியை மூவர் வகிக்கின்றனர்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். வேறு எவரும் அதற்குப் போட்டியிட இயலாது. ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச், யூதரான யாகோப் ஃபின்சி என்னும் இருவர் தொடுத்த வழக்கில், இது மனித உரிமை மீறல் என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பர் 22-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அரசியற் சட்டம் திருத்தப்படவில்லை. ஏனெனில் திருத்த வேண்டியவர்கள் அந்த ஏற்பாட்டினால் பதவி பெற்றவர்களே.

உயர் பிரதிநிதியின் அதிகாரமும் சிந்தனைக்குரியது. அவர் வந்திராவிடில் எண் பலகையும் வந்திராது, வீடுகளும் திரும்பியிரா. ஆயினும், தேர்ந்தெடுக்கப்பட்டோரையும் அலுவலர்களையும் அவர் விசாரணையோ மேல்முறையீடோ இன்றி நீக்கினார். 2005-இல் ஐரோப்பிய அவையின் சட்ட வல்லுநர் குழுவாகிய வெனிஸ் ஆணையம் இதைக் குறைகூறிற்று. மனித உரிமையை நிலைநாட்டுபவர் அதை மீறலாமா என்ற வினாவுக்குச் சராயேவோ வகுப்பறைகளில் ஒருமித்த விடை கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டியதுமில்லை.

பள்ளிகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. கூட்டாட்சிப் பகுதியின் சில மாவட்டங்களில் ‘ஒரே கூரையின்கீழ் இரு பள்ளிகள்’ என்ற ஏற்பாடு உள்ளது. ஒரே கட்டிடம்; இரு வாயில்கள் அல்லது இரு நேரங்கள்; இரு பாடத் திட்டங்கள். போஸ்னியாக் குழந்தையும் குரோஷியக் குழந்தையும் சந்திப்பதில்லை. அகதிகள் திரும்புவதற்கு உதவும் இடைக்கால ஏற்பாடாகத் தோன்றிய இது நிலைத்துவிட்டது. இதற்கு மாறாகப் பிர்ச்கோ தனி மாவட்டத்தில் 2001 முதல் மூவினக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். யாய்ட்ஸே நகரில் பிரிவினைப் பள்ளி ஒன்றைப் புதிதாகத் தொடங்க மாவட்ட அரசு முனைந்தபோது, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே இன வேறுபாடின்றித் திரண்டு எதிர்த்துத் தடுத்துவிட்டனர்.

செல்வோர் கவனத்துக்கு

அங்கு பயிலச் செல்லும் நம் மாணவர்களும் பயிற்சிக்குச் செல்லும் அலுவலர்களும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டோரைப் பேட்டி காண்பது ஆய்வின் முதற்படியன்று, பெரும்பாலும் தேவையுமில்லை. ஸ்ரெப்ரெனிட்ஸாவின் விதவைகள் நீதிமன்றத்திலும், பத்திரிகையாளரிடமும், ஆராய்ச்சியாளரிடமும் முப்பதாண்டுகளாகப் பேசி வந்துள்ளனர். நீதிமன்றப் பதிவில் ஏற்கனவே உள்ளதை மீண்டும் ஒருமுறை அவர் வாயாற் கூறச்செய்வது அவருக்கு வேதனை. மாணவருக்கு ஒரு மேற்கோள். அதற்கு மாறாக, நகராட்சி வீட்டு வசதி அலுவலகத்தில் அந்நாளில் பணிபுரிந்த எழுத்தரிடம், மனுக்களை எவ்வாறு வரிசைப்படுத்தினீர்கள், யார் எவ்வாறு நெருக்குதல் கொடுத்தார்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. இந்திய ஆட்சித் துறையிலிருந்து செல்பவர் இக்கேள்விகளைக் கேட்க மிகவும் தகுதியுடையவர்.

மொழியைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். போஸ்னிய மொழி, குரோஷிய மொழி, செர்பிய மொழி எனப் பெயரில் மூன்று. ஹேக் நீதிமன்றம் மூன்றின் முதலெழுத்துக்களையும் சேர்த்து ஒரே மொழியாகவே தன் பதிவேடுகளில் குறித்தது. சிகரெட் பெட்டியில் ‘புகைத்தல் கொல்லும்’ என்ற எச்சரிக்கையை மும்முறை அச்சிட்டிருப்பார்கள்: இரண்டு முறை சொல்லுக்குச் சொல் ஒன்றாக லத்தீன் எழுத்தில், மூன்றாம் முறை அதே சொற்கள் சிரிலிக் எழுத்தில். புறப்படுவதற்கு முன்னரே இரு வரிவடிவங்களையும் கற்று, சில மாதங்கள் அடிப்படை இலக்கணம் பயின்றவர், ஆங்கில வகுப்பறைக்கு வெளியே வந்து நகராட்சி அறிவிப்புப் பலகையைத் தாமே படித்துக்கொள்ளலாம்.